யாரைப் பார்க்க?

அந்த அலுவலக வாசல் பதிவேட்டில் தேதி, பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம் என்று கட்டங்கள் போட்டிருக்கும். நான்காவது கட்டம்தான் என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

லோயர் பரேலில், ஒரு காலத்தில் மில் ஓடிய வளாகத்துக்குள் எழுந்த கண்ணாடிக் கட்டடம் அது. ஒப்பந்தத்தில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அடையாள அட்டை வரும்வரை தினமும் காலையில் வெளியாள் போலக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நான்காவது கட்டத்தில் மேனேஜர் பெயரை எழுதுவேன். காவலாளி மேலே போன் போடுவார், யாராவது இறங்கி வந்து அழைத்துப் போவார்கள். ஒரு நாள் யாரும் போனை எடுக்கவில்லை. மேனேஜர் லீவு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் லாபியில் உட்காரக்கூட அனுமதி கிடையாது. காவலாளி என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அங்கே தன் பெயரை எழுதினார். "பைட்டியே மேடம்" என்று சோபாவைக் காட்டினார்.

நடந்தது இவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் எப்படிப் போகும் என்று தெரியும். மெயில் ஐடி வேண்டுமென்றால் டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் போட மெயில் ஐடி வேண்டும். வெண்டரைக் கேட்டால் கிளையண்ட்டைக் கேள் என்பார்கள், கிளையண்ட்டைக் கேட்டால் வெண்டர் பக்கம் கை காட்டுவார்கள். எனக்கும் கிளையண்ட்டுக்கும் நடுவில் இரண்டு கம்பெனிகள். சம்பளம் போடுகிறவர் ஹைதராபாத்தில் எங்கோ இருக்கிறார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. டைம்ஷீட்டை ஏற்றினால்தான் அவர் சம்பளம் போடுவார், லாகின் கிடைத்தால்தான் டைம்ஷீட்டை ஏற்ற முடியும். இதில் யார் மேலும் கோபப்பட வழியில்லை. எல்லோருமே மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அட்டை வந்தபோது அதன் நாடா வேறு நிறத்தில் இருந்தது. இது எங்கள் அலுவலக வழக்கம் மட்டுமல்ல. கூகுளில் நிரந்தர ஊழியர்களுக்கு வெள்ளை அட்டை, ஒப்பந்த ஊழியர்களுக்குச் சிவப்பு. 2019இல் அங்கே நிரந்தர ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர், தற்காலிக, ஒப்பந்த ஆட்கள் சுமார் 1,21,000 பேர் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எண்ணிக்கையில் பெரும்பான்மை ஆனாலும் நாடாவின் நிறம் மாறுவதில்லை.

அந்தக் காவலாளியின் தோளிலும் ஒரு ஏஜென்சியின் பட்டைதான் இருந்தது. அவரும் அந்தக் கட்டடத்தின் ஆள் இல்லை. உள்ளே விட அதிகாரம் இல்லாத ஒருவர், உள்ளே போக உரிமை இல்லாத ஒருத்திக்குப் பொறுப்பேற்றார். அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு? மேற்பார்வையாளர் ஏட்டைப் புரட்டியிருந்தால் காவலாளி என்ன சொல்லியிருப்பார்?

தாராவியில் அப்பா வைத்திருந்த சின்னக் கார்கானாவை நினைக்கிறேன். பர்ஸ், பெல்ட் தைப்பார்கள். பள்ளி விட்டு வந்து, சொல்யூஷன் வாடைக்கு நடுவில் தோல் துண்டுகளின் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். திருநெல்வேலியிலிருந்து புதிதாகப் பையன் யாராவது வந்து நின்றால் அப்பா முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஏலே, ஒன்னைய யாரு கூட்டியாந்தா?" அதற்குச் சொல்லும் பெயரை வைத்துத்தான் சோறு, படுக்க இடம், வேலை எல்லாம். பையனுக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் வந்து கூட்டிப்போவார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் அவர்தான் கட்ட வேண்டும்.

இதை நினைத்து நெகிழ்ந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பெயர் தெரியாத ஒரு பையன் ஒரு மழைக்காலச் சாயங்காலம் வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. மஞ்சப்பை முழுக்க நனைந்திருந்தது. யாரையும் தெரியாது என்றான். அப்பா டீக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டார். பெயரைக் கேட்டால் ஊர் தெரியும், ஊரும் தெருவும் தெரிந்தால் சாதியும் தெரிந்துவிடும். அந்தக் கேள்வி பலரைக் காப்பாற்றியதுபோலவே பலரை வெளியிலும் நிறுத்தியது.

இந்தப் பரேல் மில்களிலும் ஆள் சேர்த்தது இப்படித்தான். ஜாபர் என்கிற மேஸ்திரி வழியாகத்தான் வேலை கிடைக்கும், அவருக்குத் தஸ்தூரி என்ற மாமூல் கொடுக்க வேண்டும். 1931இல் அறிக்கை தந்த, தொழிலாளர் குறித்த ராயல் கமிஷன் இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தது. பம்பாய் மில்களைப் பற்றி ராஜ்நாராயண் சந்தாவர்கர் 1994இல் எழுதிய புத்தகத்தை எப்போதோ படித்தேன். அதில் பாதிதான் மனதில் நிற்கிறது. ஜாபர் நாம் நினைக்கிற அளவு சர்வ வல்லமை படைத்தவர் அல்ல, அவரும் தன் ஆட்களையும் அக்கம்பக்கத்தையும் நம்பித்தான் இருந்தார் என்று அதில் வரும். அநியாயம் செய்தால் அவரும் அதே தெருவில்தான் நடந்து போக வேண்டும். பத்லிகளோ தினமும் காலையில் மில் வாசலில் வந்து நிற்பார்கள். வராத ஆளுக்குப் பதிலாக அன்றைக்கு மட்டும் வேலை. 1982 ஜனவரி 18இல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அவர்களை நிரந்தரமாக்குவதும் ஒன்று. சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த மில்களில் பெரும்பாலானவை பிறகு எழவே இல்லை. நான் கையெழுத்துப் போட்ட வாசலில் எத்தனை பத்லிகள் நின்றிருப்பார்களோ.

2025 வரை நடைமுறையில் இருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருந்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கும்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், கொடுத்தாயிற்று என்று அவர் சான்றளிக்க வேண்டும் என்று அது சொன்னது. ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டியிருந்தது. கூலி கைமாறும் இடத்தில் ஒரு மனிதர் நேரில் நின்றாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. என் சம்பளம் நள்ளிரவில் வங்கிக் கணக்கில் ஏறும்போது யார் நிற்கிறார்கள்?

ஆள் பெயர் தேவைப்படாத வாசல்தான் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மஞ்சப்பைப் பையனும் அதில் நுழைய முடியும். ஆனால் எங்கள் வாசலில் பெயரை வெறும் கட்டமாக்கிவிட்டு, அது செய்துகொண்டிருந்த காரியத்தை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. எனக்கு ஒன்று நேர்ந்தால் அப்பாவின் கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காவலாளி செய்தது இதற்கு மாற்றா, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்ற விதியை மட்டும் நிறைவேற்றினாரா? அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டாலும் இதை ஒரு பெரிய விஷயமாக அவர் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

போன வாரம் செம்பூரில் வீட்டுக்கு வந்த சித்தப்பா மகன், "அக்கா, உங்க கம்பெனில ஒரு ரெஃபரல் போட்டு விடுங்களேன்" என்றான். ரெஃபரல் படிவத்தில் ஊழியர் எண் கேட்பார்கள், ஒப்பந்த ஊழியர்களுக்கு அது இல்லை. மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் அவனுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்கும், யாரையும் தெரியாத இன்னொருவனுக்குக் கிடைக்காமல் போகும். சொல்லாமல் இருந்தால் என்னை நம்பி வந்தவனுக்கு நான் எதற்கு அக்கா? சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவன் ரெஸ்யூமை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.