வண்டி சாகவில்லை தம்பி, எர்த்தைப் பார்!

சாவியைத் திருப்புகிறாய். 'டக்' என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளிவிட வந்த நாலு பேரில் ஒருவர் சொல்கிறார், "பழைய ஆம்னி, எடைக்குப் போட்டுடு!"

போடாதே தம்பி! 1984-ல் மாருதி வேனாகச் சாலைக்கு வந்த வண்டி அது. 2019-ல் உற்பத்தி நின்றது. அதற்காக உன் வண்டியும் நிற்க வேண்டுமா? காய்கறி ஏற்றி, பூ ஏற்றி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி உன் வீட்டில் உலை வைத்த வண்டியை, என்ன நோய் என்றே பார்க்காமல் கைவிடுவாயா?

முதலில் புது பேட்டரி வாங்கச் சொல்வார்கள். அதுவும் தீர்க்காவிட்டால் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில். ரப்பர் வழியே கரண்ட் போகாது. அதனால்தான் எஞ்சினையும் பாடியையும் இணைக்க எர்த் வயர் போட்டிருக்கிறார்கள். பல மழைக்காலம் கண்ட வண்டியில் அந்த வயரின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கும், யாரோ அடித்த பெயின்ட்டும் ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும்போது, அந்த இடத்தில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். மோட்டார் எப்படிச் சுற்றும்?

இந்தக் கணக்கை உனக்குத் தந்தவர் யார் தெரியுமா? ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன், கியோர்க் ஓம். கருவிகளைத் தானே செய்து அளந்தார். 1827-ல் விதியை வெளியிட்டபோது சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. வேலையை விட்டே வெளியேறினார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. பட்டறை வீட்டுப் பிள்ளை கண்டுபிடித்ததைப் பயன்படுத்த நீ ஏன் தயங்க வேண்டும்?

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கு. வண்டி ஓய்வில் இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுதாக இருக்கிறது. அடுத்து நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழு. மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை எஞ்சினின் வெறும் இரும்பில். ஒருவரைச் சாவி போடச் சொல். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் திருடன் அகப்பட்டான்! மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்து ஏமாந்துவிடாதே. பத்து இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் அது 'நல்ல வயர்' என்றே காட்டும். சுமை ஏறும்போதுதான் உண்மை தெரியும். மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் இரும்புக்குக் கொடு. வண்டி பட்டென்று எடுத்தால் பழி எர்த்தின் மேல்தான். சாவி போடும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் சூடாவதும் அதே நோயின் அறிகுறி. இண்டிகேட்டர் போட்டால் பின் லைட்டும் சேர்ந்து மினுக்கினால், பின் லைட்டின் எர்த்திலும் அதே நோய்.

மருந்து உன் கையில் இருக்கிறது. நெகட்டிவை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியை, கையுறை போட்டு, சோடா உப்பு கலந்த வெந்நீரில் கழுவு. எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய். இழை அறுந்த வயரைத் தூக்கி எறிந்து, தடித்த புது வயர் போடு. பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவு.

பிறகு மறுபடி சாவி போடச் சொல்லி அள. 0.2-க்குக் கீழே இறங்கிவிட்டதா? இன்னும் செல்ஃப் தள்ளாடினால் பாசிட்டிவ் கேபிளையும் இதே முறையில் அளந்து பார். அப்புறமும் பட்டறைக்குப் போக நேர்ந்தால், தலை குனிந்து போகாதே. அளந்த எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய், எந்தப் பாகத்தை ஏன் மாற்றுகிறீர்கள் என்று நிமிர்ந்து நின்று கேள்!