தனதென்னும் பாட்டு

பீற்றில்ஸ் குழுவின் கிற்றார் கலைஞரான ஜோர்ஜ் ஹரிசன், குழுவில் இடம்பெறாது கிடந்த தம் பாடல்கள் பலவற்றையும் சேர்த்து, 1970 இல் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பொன்றைத் தனித்து வெளியிட்டார். பாடல்களைத் 'தனது' என்று சொல்லும் உரிமை அவருக்கு முழுதாக வாய்த்த வேளை அது. ஆயின் அத்தொகுப்பிற் பெரும்புகழ் பெற்ற 'மை சுவீற் லோர்ட்', 1963 இல் சிபொன்ஸ் என்னும் பெண்கள் குழு பாடிய பாடலொன்றின் மெட்டையே கொண்டதென 1976 இல் நியூயோர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் வேண்டுமென்றே களவாடவில்லை, நனவிலி மனமே எடுத்துக்கொடுத்தது என்று நீதிபதி ஏற்றார். எனினும் பொறுப்பினின்று விடுவித்தாரல்லர்.

சட்டத்துக்கு இது போதும். அறியாது எடுத்தவரிடம் நட்டஈடு கேட்கலாம், நாணத்தையும் கேட்கலாமா? கேட்ட இசையாலேயே உருவான செவி, கேட்டதையும் படைத்ததையும் எங்ஙனம் பிரித்தறியும்? தனித் தொகுப்பென்பதும் பெயரளவிலேயே. ரிங்கோ ஸ்ரார், எரிக் கிளப்ரன் முதலிய பலர் அதில் உடனிருந்து வாசித்தனர். அத்தனை செவிகள் சூழ்ந்திருந்தும் அம்மெட்டு அவருடையதாகவே வெளிவந்தது.