அமானிதமாய் வந்த பிள்ளை

செட்டிநாட்டில் வாழ்வோருக்குப் பிள்ளை கூட்டும் வழக்கம் புதியதன்று. நகரத்தார் பெருமக்கள், மகப்பேறில்லாத வீட்டிற்குத் தம் கோயில் பிரிவைச் சேர்ந்த குடும்பத்திலிருந்து பிள்ளையை வரவழைப்பர். அன்று முதல் அவன் அவ்வீட்டின் மகன். பெயரும் சொத்தும் அவனுக்கே உரியன.

நம் மார்க்கம் வேறொரு வழியைக் காட்டிற்று. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. பெருமானாரின் மகனென அழைக்கப்பட்டு வந்த ஸைத் (ரலி) அவர்கள், அதன் பின்னர் மீண்டும் ஹாரிஸாவின் மகனாகவே அழைக்கப்பட்டார்கள்.

இதனைக் கொண்டு, பிறர் பிள்ளையை வளர்ப்பதே நமக்கு ஆகாது என்பாரும் உளர். ஆகாதது எது? பெயரை மறைப்பதா, அன்னம் ஊட்டுவதா? பெருமானார் (ஸல்) அவர்களே பிறக்குமுன் தந்தையையும், ஆறு வயதில் தாயையும் இழந்து, பாட்டனாராலும் பெரிய தந்தையாராலும் வளர்க்கப்பட்டவர்களல்லரோ! மார்க்கம் விலக்கியது பொய்யை; பிள்ளையை அன்று.

சின்னாள் முன்பு, கணவனை இழந்த தாயொருத்தி, தன் எட்டு வயது மகனை யத்தீம்கானாவில் சேர்க்கக் கடிதம் வேண்டி நம்மிடம் வந்தாள். எழுதத் தொடங்கினோம். "அங்கே மூணு வேளையும் சோறு கிடைக்குமா, ஹஜ்ரத்?" என்றாள். கை நின்றுவிட்டது. அவள் வேண்டியது சோறு. நாம் அளிக்கவிருந்ததோ பிரிவு. ஷரீஅத்தில் யத்தீம் என்பவன் தந்தையை இழந்த சிறுவன். அவனிடமிருந்து தாயையும் நாமே பறிக்கலாமா?

ஆதரவு எவருமற்ற பிள்ளைக்கு யத்தீம்கானா நிழல்தான். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் விடுதி வீடாகாது. ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில், விடுதிகளில் கிடந்த 136 இளங்குழந்தைகளுள் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். குடும்பம் கண்டவர்களின் அறிவு வளர்ச்சி மேலோங்கியது. இளமையிலேயே சேர்ந்தோர் மிகுதியும் தேறினர் என 2007இல் அறிவித்தனர்.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடமளிக்கின்றது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி பிள்ளை ஒரு குடும்பத்தில் வளர்வான். தத்தைப் போல் அவன் வமிசம் மாறுவதில்லை. நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் கஃபாலாவுக்கு இது எத்துணை அண்மையது! 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் கஃபாலாவைப் பெயர் சொல்லியே ஏற்றிருக்கின்றது. தாயுடன் வாழும் விதவையின் பிள்ளைக்கும், வருமான வரம்புக்குட்பட்டு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

அன்று நாம் எழுதிய கடிதம் அவ்வலுவலகத்துக்கே சென்றது. அரசுப் பணம் வரும் வரை அடுப்பு எரிய வேண்டுமே! அரிசிக்கு ஜமாஅத்தினர் சிலர் பொறுப்பேற்றனர். சிறுவன் தாய்வீட்டிலிருந்தே பள்ளிக்குச் செல்கின்றான். பதிவேட்டில் அவனுடைய அத்தாவின் பெயர் அப்படியே இருக்கின்றது.

யத்தீம்கானாவுக்கு வாரி வழங்கும் நம் ஜமாஅத்துகளின் கணக்கேடுகளில், யத்தீமின் தாய்க்கென ஒரு பக்கம் உண்டா? இல்லையெனில், அமானிதத்தின் பாதியையே நாம் பேணியவர்களாவோம்.