சென்றவனின் கடன்

தனக்கு வாய்த்த சூழலைத் தாங்கமாட்டாத ஒருவன் இரவோடிரவாக ஊரைவிட்டு அகல்கின்றான். பொழுது விடிந்ததும் ஊர் அவனுக்கு ஒரு பெயரைச் சூட்டிவிடுகின்றது: 'ஓடிப்போனவன்'. அச்சொல்லில் இகழ்ச்சி உண்டு; கோழை என்னும் குறிப்பும் உண்டு. ஆனால், அச்சொல்லை முதலில் உரைத்தவர் யார் என்று பார்த்தால் வழக்கின் தன்மையே மாறிவிடும். தஞ்சை வயல்களில் தலைமுறைக் கடனுக்குப் பண்ணையாளாய்க் கட்டுண்டு கிடந்தவன் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது, அவனை அவ்வாறு சொன்னவர் மிராசுதார். அவனே மலாயாவில் ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறினால், அங்கும் அதே பெயர்தான். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்படும்வரை, அப்பெயருக்குச் சிறைத் தண்டனையும் துணை நின்றது. ஓர் உழைப்பாளியை இழந்தவர் தம் இழப்புக்கு இட்ட பெயரே அது. உழைத்தவனின் நெஞ்சறிந்து இட்ட பெயர் அன்று.

அப்படியானால், ஓடுவது குற்றமன்று என்று கூறி ஏட்டை மூடிவிடலாமா? முடியாது. மிராசுதார் மட்டுமா பின்னால் நின்றார்? மகன் போனபின் அவன் பங்கு வேலையையும் சுமந்த தந்தை நின்றார். கணவனின் கடிதத்துக்குக் காத்திருந்த மனைவி நின்றாள். ஒருவனின் விடுதலைக்கு உரிய விலையின் ஒரு பகுதியை, விடுதலை பெறாதவர்கள் செலுத்தினார்கள்.

இந்த இருமுகத்தையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். தலைவி தன் இல்லத்தைத் துறந்து தலைவனுடன் செல்வதை 'உடன்போக்கு' என்று பெயரிட்டுப் போற்றினர். மகளைத் தேடிப் புறப்பட்ட செவிலியிடம், அவள் சென்றது அறத்தின் வழியே என்று எதிர்ப்பட்டோர் கூறித் தேற்றும் காட்சி கலித்தொகையில் உண்டு. எனினும், பிரிந்த தாயின் துயரைப் பாடாமல் விட்டுவிடவில்லை. சென்றது அறம்; விடப்பட்டோர் துயரும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கவில்லை. (பண்ணையாளின் தாயைத் தேற்ற அப்படி எவரும் வழியில் எதிர்ப்பட்டனரா என்பது வேறு கேள்வி.)

சென்றவன், எஞ்சியவர்களுக்கு எதைக் கடன்பட்டிருக்கின்றான்? பணம் என்பது எளிதில் வரும் விடை. ஆயின், மலாயாவின் கங்காணியை எண்ணிப் பார்த்தால் அவ்விடை போதவில்லை. கங்காணி வானத்திலிருந்து குதித்தவன் அல்லன். பெரும்பாலும் அதே தோட்டத்தில் உழைத்த பழைய தொழிலாளி. உரிமம் பெற்றுத் தன் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வருவது அவன் பணி. ஆளுக்கு இவ்வளவு என்று தரகு உண்டு. பின்னர், அவர்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் தலைக்காசும் உண்டு. அவன் ஊரில் நல்லுடையுடன் நின்று பேசினான். ரப்பர்த் தோட்டங்கள் காட்டை அழித்துப் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரைக் கொத்துக் கொத்தாய்க் கொண்டுபோயிற்று. அதைச் சொன்னால் கப்பலேற ஆள் ஏது? பசியைவிடக் காய்ச்சல் மேல் என்று மெய்யாகவே நம்பிய கங்காணியும் இருந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் இரண்டையும் எடுத்துரைத்து, தேர்ந்துகொள்வதைக் கேட்டவர்களிடம் விட்டிருக்கலாம். தப்பி வந்தவன் தன் வாயை மூடிக்கொண்டதனால், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். இந்தியாவில் 1938இல் தடை விதிக்கப்படும்வரை ஆள் திரட்டல் தொடர்ந்தது.

மௌனம் எல்லாமே இத்தகையது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ், 1838இல் பால்டிமோர் நகரிலிருந்து தப்பி நியூயார்க் சேர்ந்தார். பின்தொடர்வோரிடமிருந்து மறையப் பெயரையும் மாற்றிக்கொண்டார். 1845இல் தம் வரலாற்றை எழுதியபோது, பட்ட அடிகளை எழுதினார். ஊரையும் உடையவர்களையும் பெயர் சுட்டி எழுதினார். தப்பிய வழியை மட்டும் எழுதவில்லை. அவ்வழி வெளிப்பட்டால், இன்னும் தளையில் கிடப்போர்க்கு அது அடைபட்டுவிடும் என்பதே காரணம். படிப்பவர் ஆவல் பெரிது. ஆயினும் பின்னால் வரவேண்டியவனின் கதவு அதனினும் பெரிது என்று அவர் கருதினார். கப்பலோட்டியின் உடை அணிந்து, இரவல் வாங்கிய கப்பலோட்டிச் சான்றிதழுடன் ரயிலேறியதை அவர் விரிவாக வெளியிட்டது 1881இல்தான். அதற்குள் அடிமை முறையே ஒழிந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

டக்ளசும் ஒன்றை மறைத்தார். கங்காணியும் ஒன்றை மறைத்தான். முன்னவர் மறைத்தது பின்னிருந்தோரின் வழியைக் காக்க. பின்னவன் மறைத்தது அவர்களை விலையாக்க. ஊரைவிட்டு அகன்றதில் இருவருக்கும் வேறுபாடில்லை. அகன்றபின் யாரை நினைத்துப் பேசினார்கள், யாரை நினைத்துப் பேசாதிருந்தார்கள் என்பதில்தான் அவர்கள் பிரிகின்றனர்.

இவ்விரண்டிலும் சேராத மௌனம் ஒன்றும் உண்டு; தீர்ப்புச் சொல்ல அரிதானது அதுவே. தோட்டத்து லயத்தில் ஒருவன், எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி ஊருக்குக் கடிதம் எழுதுகின்றான். குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த மாதம் அது. ஆயினும், 'இங்கு யாவரும் நலம்' என்றே எழுதச் சொல்லுகின்றான். முதிய தாய் கலங்கக்கூடாது என்னும் அன்பு அது. அதில் கள்ளம் இல்லை. ஊரில் அக்கடிதம் திண்ணையில் உரக்கப் படிக்கப்படுகின்றது. தாய் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றாள். அருகில் நின்று கேட்ட தம்பி, அடுத்த கப்பல் எப்போது என்று விசாரிக்கப் புறப்படுகின்றான்.