கலவையும் கலப்படமும்

தமிழில் கலவை என்று ஒரு சொல் இருக்கிறது. கலப்படம் என்றும் ஒரு சொல் இருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். செய்கிற காரியமும் ஒன்றுதான்: ஒரு பொருளோடு இன்னொன்றைச் சேர்ப்பது. ஆனால் சந்தனத்தில் பன்னீர் விட்டால் கலவை என்கிறோம். பாலில் தண்ணீர் விட்டால் கலப்படம் என்று சண்டைக்குப் போகிறோம். தண்ணீர் மட்டமான பொருள் என்பதனாலா? காப்பிக்காக வீட்டு அம்மாளே பாலில் தண்ணீர் விடுகிறாள். அவளை யாரும் குற்றம் சொல்வதில்லை. அப்படியானால் ஒன்று மற்றொன்றாக மாறுகிற இடம் எது?

இந்தக் கேள்வியைப் பிரெஞ்சுக்காரர்களின் பானம் ஒன்றை வைத்துக்கொண்டு யோசிக்கலாம் என்று தோன்றுகிறது. அதன் பெயர் கீர் ராயல். நம் பாயசத்துக்கு வடக்கே வழங்கும் பெயருக்கும் இதற்கும் உறவு கிடையாது. மதுவைப் பற்றி எழுதுவதால் குடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடிக்காதவர்களுக்கும் இதில் ஒரு வழக்கு இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வீட்டில் செய்ய இதைவிட எளிய கலவை இருக்க முடியாது. பிளாக் கரண்ட் என்ற கறுத்த சிறு பழத்தைச் சாராயத்தில் ஊறப்போட்டு, வடிகட்டி, சர்க்கரை சேர்த்து எடுத்த காஸிஸ் மது ஒரு பங்கு. லிட்டருக்கு 400 கிராமுக்குக் குறையாமல் அதில் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஆகவே நம் சர்பத்தைப் போலக் கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருக்கும். உயரமான ஒடுங்கிய கிளாஸில் முதலில் அதை ஊற்ற வேண்டும். பிறகு கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நன்றாகக் குளிர்ந்த ஷாம்பேன் ஒன்பது பங்கு, மெதுவாக. கரண்டி போட்டுக் கலக்கக் கூடாது. குமிழிகள் எழும்பும்போது அவையே கலந்துவிடும். கவனம் வேண்டியது புட்டியைத் திறப்பதில்தான். உள்ளே இருக்கும் அழுத்தம் மோட்டார் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியைத் திருப்ப வேண்டும். சினிமாவில் காட்டுகிறபடி வெடிக்கவிடுகிறவன் நுரையையும் இழக்கிறான், எதிரே நிற்பவர் கண்ணுக்கும் ஆபத்து விளைவிக்கிறான். ஒரு பெருமூச்சு அளவு சத்தம் போதும்.

ஷாம்பேன் ரசிகர்களில் ஒரு சாரார் இதைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். அவர்கள் வாதம் லேசானதல்ல. புட்டியில் அடைத்த பிறகு குறைந்தது 15 மாதம் ஷாம்பேன் நிலவறையில் கிடக்கிறது. புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. அந்த மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவரப் புட்டியைச் சாய்த்து வைத்து, சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே வருகிறார்கள். இத்தனை உழைப்பின் தலையில் பழப்பாகை ஊற்றுவது, கச்சேரி நடுவில் சீட்டியடிப்பதற்குச் சமானம் என்பது அவர்கள் கட்சி.

உழைப்பை மதிக்க வேண்டும் என்பது சரி. ஆனால் இவர்கள் காக்க நினைக்கும் தூய்மை எங்கே இருக்கிறது? ஷாம்பேனே ஒரு கலவை. பெரும்பாலும் கறுப்புத் திராட்சையில் இரு வகை, வெள்ளையில் ஒரு வகை, பல தோட்டத்து ரசம், பல ஆண்டுகளின் ரசம், எல்லாம் சேர்ந்துதான் ஒரு புட்டி ஆகிறது. குமிழி உண்டாவதற்காக ஒரு முறை சர்க்கரை போடுகிறார்கள். தக்கை அடைக்குமுன் ருசிக்காகப் பெரும்பாலும் இன்னொரு முறை போடுகிறார்கள். 2010-ல் பால்டிக் கடலில், ஆலந்து தீவுகளின் அருகே, 170 ஆண்டுக் காலம் மூழ்கிக் கிடந்த ஷாம்பேன் புட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் சர்க்கரை இருந்ததாம்! இன்று ‘புரூத்’ என்று விற்பதில் 12 கிராமுக்கும் குறைவு. கொள்ளுத்தாத்தா காலத்து ருசிக்கு முன்னால் கீர் ராயல் கசப்பு மருந்து. ஆகவே, சேர்ப்பதே குற்றம் என்ற வாதம் நிற்காது.

கீர் என்பது ஒரு பாதிரியாரின் பெயர். ஃபெலிக்ஸ் கீர், பர்கண்டியில் 1876-ல் பிறந்தவர். 1940-ல் போர்க் கைதிகள் தப்ப உதவியதற்காக ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். 1945 முதல் 1968-ல் இறக்கும் வரையில் டீஜோன் நகரத்து மேயர். அந்த வட்டாரத்தில் ‘அலிகொத்தே’ என்று ஒரு வெள்ளைத் திராட்சை. அதன் மது நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு. அதில் உள்ளூர்க் காஸிஸை விட்டுக் குடிப்பது அவருக்கு முன்பே இருந்த வழக்கம். மனுஷர் அதை நகர மண்டபத்துக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் கொடுத்துக்கொடுத்துத் தம் பெயரை அதற்கு வாங்கிக்கொண்டார். ஷாம்பேனை விட்டால் அதுவே ‘ராயல்’. எனக்கு அந்தப் பழைய ஏழைக் கீர்தான் மேலாகத் தோன்றுகிறது. புளிப்பு ஒன்று, திகட்டும் தித்திப்பு ஒன்று. ஒன்றின் குறையை மற்றொன்று தாங்குகிறது. குறையை மூடத்தானே அங்கே கலந்தார்கள் என்று கேட்கலாம். மூடத்தான். ஆனால் புளிப்பு மதுவும் காஸிஸும் என்று சொல்லியே கொடுத்தார்கள்.

சொல்லாமல் கொடுத்தால் என்ன, விருந்தாளிக்கு ருசித்தால் சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. சாமர்த்தியமான கேள்வி. குடித்தவன் சந்தோஷமாகப் போகிறான், அவனுக்கு உடம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை, நஷ்டப்பட்டவன் யார்? இந்தக் கேள்விக்குப் பிரான்ஸ் தேசத்துத் திராட்சைக் குடியானவன் பதில் சொல்லியிருக்கிறான். 1905-லேயே கலப்படத்தைத் தடுக்க அங்கே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் தெற்கே சர்க்கரைத் தண்ணீரில் செய்த மது சந்தையில் ஓடியது. விளைச்சல் மிகுந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் போலி மதுவினால் விலை இன்னும் சரிந்தது. 1907-ல் மோம்பெலியே நகரில் லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். நார்பான் நகரில் பட்டாளம் சுட்டு உயிர்கள் போயின. 1911-ல் ஷாம்பேன் நாட்டிலேயே கலகம். வெளியூர்த் திராட்சை ரசத்தைக் கொண்டுவந்து வியாபாரிகள் ஷாம்பேன் என்று விற்றார்கள். உள்ளூரான் கொடியில் முந்தின வருஷம் அறுவடையே இல்லை. ஜனவரியில் பீப்பாய்களை உடைத்தார்கள்; ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் கிடங்குகளைச் சூறையாடித் தீயிட்டார்கள். தீ வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. பாரிஸில் அந்த மதுவைக் குடித்தவன் ஒரு குறையும் காணவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். வஞ்சகம் குடித்தவன் நாக்கில் தெரியவில்லை. எங்கேயோ ஒரு கிராமத்தில், ஒழுங்காகப் பயிர் செய்தவன் வீட்டு அடுப்பில் தெரிந்தது.

நம் பால்காரன் கதையும் இதுவேதான். தண்ணீர் விடாத பால்காரன்தான் முதலில் மாட்டை விற்க வேண்டி வருகிறது.

இனி வீட்டு விருந்துக்கு வருவோம். பர்கண்டியில் ‘கிரெமான்’ என்று ஒரு நுரை மது செய்கிறார்கள். ஷாம்பேனைப் போலவே புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கிற முறை, 1975 முதல் அதற்குத் தனிப்பெயர் உரிமை, விலை குறைவு. காஸிஸ் விடுவதற்கு அதுவே தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம். அதை வாங்கி மேஜைமேல் பெயர் தெரிய வைக்கிறவன் கலவை செய்கிறான். அதே புட்டியின் கழுத்திலிருந்து அடிவரை வெள்ளைத் துணியைச் சுற்றி, ஷாம்பேன் என்று விருந்தாளி நினைக்கட்டும் என்று ஊற்றுகிறவன் செய்வது வேறு. இரண்டு கிளாஸிலும் இருப்பது ஒன்றே. விருந்தாளியின் வியப்பையும் நன்றியையும் செலவழிக்காத பணத்துக்கு ஈடாக வாங்கிக்கொள்கிறான் இரண்டாமவன். அற்ப விஷயம் என்று சிரிக்கலாம். பெயர் அற்ப விஷயமானால் துணி எதற்கு?

குடிக்காதவர் வழக்குக்கு வருகிறேன் என்றேன். கீர் ராயலின் தித்திப்பும் பழ வாசனையும் உள்ளே இருக்கும் மதுவை மறைத்துவிடும். ஷாம்பேனில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு சாராயச் சத்து. காஸிஸில் 15 பங்குக்குக் குறையாது. பழக்கமில்லாதவர் பழரசம் என்றே நம்பி இரண்டு கிளாஸ் குடித்துவிடுவார். விரதமோ, மார்க்கமோ, மருந்தோ, பிறகு வண்டி ஓட்ட வேண்டிய பொறுப்போ, ஏதோ ஒன்றுக்காக வேண்டாம் என்றிருப்பவருக்கு வேடிக்கை என்று நினைத்து இதை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே உள்ள சரக்கு முதல் தரமாகவே இருக்கட்டும். புட்டியில் ஒரு குற்றமும் இல்லை. கெடுத்தது அந்த மனிதருடைய சங்கல்பத்தை. பாலில் தண்ணீர் விட்டவனை அடுத்த மாதம் மாற்றிவிடலாம். இதைத் திருப்பி வாங்க வழியே இல்லை.

அவருக்கும் விருந்தில் பங்கு உண்டு. காஸிஸ் பழத்திலேயே சாராயம் சேராத பாகு கிடைக்கிறது. அதே ஒடுங்கிய கிளாஸில் சிறிது ஊற்றி, குளிர்ந்த சோடாவை விட்டால் நுரையும் வரும். சங்கடம் என்னவென்றால் நிறம் ஏறக்குறைய அதுவேதான். எட்ட நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே ஒரே தட்டில் இரண்டையும் அடுக்கக் கூடாது. வேறு தட்டில் கொண்டுபோய், ‘இது வெறும் பாகும் சோடாவும்’ என்று வாயால் சொல்லி, அவர் கையில் கொடுக்க வேண்டும்.