இருள் ஒரு பொருளா?

அமராவதி நகரில் வீட்டிலிருந்தபடியே திருப்பூர்க் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறேன். சாம்பிள் தைப்பதற்கு முன்பே பையர் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி டி-ஷர்ட்டைக் கணினியில் முப்பரிமாணப் படமாக்கி அனுப்ப வேண்டும். உடுமலைப் பக்கத்து ஊர்களில் நோம்பிக்கு நாடகம் போட்டால் மேடை விளக்கு வேலைக்கும் போய்விடுவேன். இரண்டு இடத்திலும் நான் பழகுவது ஒளியமைப்பு. ஆனால் அவை எனக்குள் எழுப்பிய கேள்வி இருளைப் பற்றியது. இருள் என்று ஒரு பொருள் உண்டா? அல்லது ஒளி இல்லாத நிலைதான் இருளா?

கணினி இதற்குத் தயங்காமல் விடை சொல்கிறது. 1986இல் ஜேம்ஸ் கஜியா வெளியிட்ட சமன்பாட்டின் மேல்தான் இன்றைய கணினி ஒளியமைப்பு நிற்கிறது. ஒரு புள்ளியிலிருந்து நம் கண்ணுக்கு வருவது, அது தானே உமிழும் ஒளியும், சுற்றிலுமிருந்து வாங்கித் திருப்பித் தரும் ஒளியும்தான். அந்தக் கணக்கில் இருளுக்கு இடமே இல்லை. ஒன்றும் வராத இடம் பூஜ்யம். இருள் என்பது ஒளியின் அபாவம், அதாவது இன்மை என்று நியாய, வைசேஷிக மரபினர் வாதிட்டதும் இதையே.

மேடை அப்படிச் சொல்வதில்லை. முன்னாலிருந்து மட்டும் விளக்கைக் கொட்டினால் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். நடிகருக்கு இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, ஒன்று இளஞ்சூடான நிறம், மற்றது குளிர்ந்த நிறம் என்று ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் வகுத்துக் கொடுத்தார். முகத்தின் மேடுபள்ளம் தெரிய இரு பக்கமும் வேறுபட வேண்டும். எனக்கு டிம்மர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பெரியவர், "கண்ணு, மொதல்ல எங்க இருட்டு வேணும்னு பாரு, அப்பறம் லைட்டத் தொடு" என்பார். 1959இல் கொல்கத்தா மினர்வா அரங்கில், உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதைத் தபஸ் சென் ஒளியாலேயே காட்டினார். சுற்றிலும் இருட்டு இல்லாமல் அந்த வெள்ளம் எழுந்திருக்காது. இருளுக்கு நிறமுண்டு, அசைவுண்டு, ஆகவே அது பொருளே என்ற குமாரில பட்டர் வழி மீமாம்சகரின் வாதம், மேடையோரம் நிற்கும்போது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இந்த வழக்கை வேறோர் இடத்துக்கு நகர்த்தியவர், 14ஆம் நூற்றாண்டில் திருவருட்பயன் என்ற சைவ சித்தாந்த நூலை எழுதிய உமாபதி சிவம். இருள் எல்லாவற்றையும் மறைத்தாலும் தன்னையாவது காட்டும். உயிரின் அறிவை மூடும் ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்கிறார் அவர். கரண்டு போனால் இருட்டு என்று தெரிகிறது, தீப்பெட்டியைத் தேடுகிறோம். தனக்குத் தெரியாது என்பதே தெரியாதவன் எதைத் தேடுவான்?

தன் மேல் வெளிச்சம் குறையவே கூடாது என்று அடம்பிடிக்கும் நடிகர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் சாகும் காட்சியிலும் அவர்களுக்கு முழு விளக்கு வேண்டும். அத்தனை வெளிச்சத்தில் நிற்பவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் சனம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். விளக்கைக் கூட்டக் கூட்ட அந்தக் கறுப்பும் கூடும். ஆணவம் வெறும் இன்மையாக இருந்தால் ஒளியைச் சேர்த்தே அதை நிரப்பிவிடலாம். சேர்க்கச் சேர்க்க வளர்கிறதென்றால் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது. சைவ சித்தாந்தம் அதை உள்பொருள் என்று சாதித்ததன் நியாயம் எனக்கு விளங்கியது இப்படித்தான்.

வடலூர் சத்திய ஞான சபையில் வள்ளலார் 1872இல் அமைத்த ஏற்பாடு இதனோடு சேர்கிறது. அங்கே தைப்பூசத்தன்று புதிதாக எந்த விளக்கையும் கூட்டுவதில்லை. உள்ளே சோதி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் முன்னுள்ள ஏழு நிறத் திரைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன.

ஆகவே என் விடை இது. கணினியின் இருள் இன்மை. அதற்கு ஓர் எண்ணைக் கூட்டினால் போதும். மனிதனின் இருள் ஒரு பொருள். நூலறிவையும் புகழையும் எவ்வளவு கூட்டினாலும் அது போகாது, அகற்றத்தான் வேண்டும். தன்னை மறைத்துக்கொள்ளும் ஒன்றைத் தானே கண்டு அகற்ற உயிரால் ஆகாது. அதனால்தான் நம் முன்னோர், அறிவுக்கும் மேலே அருளை வைத்தார்கள். அது சரியென்றே நான் நம்புகிறேன்.