நேர்த்தியும் களைப்பும்

மன்னார் உயிலங்குளத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு பெரிய தலங்கள் பக்கத்தில். ஒரு பக்கம் திருக்கேதீச்சரச் சிவன் கோயில், மறுபக்கம் மடு மாதா கோயில். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் வைத்தியமும் நேர்த்தியும் ஒரே கிழமையில் தொடங்கிவிடும். கிளினிக் கொப்பியோடு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகமவில் உள்ளதற்கோ பஸ் ஏறும்போதே, "சுகம் வந்தால் ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கு நடந்து வருவேன்" என்று ஒருவர் சொல்லியிருப்பார். "சிவராத்திரிக்குப் பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் அள்ளி லிங்கத்துக்கு ஊற்றுவேன்" என்று இன்னொருவர்.

வைத்தியம் முடிகிறது. ஸ்கானிலும் ஒன்றுமில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கிணற்றில் இரண்டு வாளி அள்ளியதும் திண்ணையில் குந்தவேண்டியிருக்கிறது. அரிசி களைந்து உலையில் போடுவதற்குள் கை சோர்கிறது. இரவு முழுக்க நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாத களைப்பு இது. கீமோவும் கதிர் வைத்தியமும் முடித்தவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பின்விளைவு இதுதான். சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் நீடிக்கும். ஸ்கான் கட்டியைத் தேடும் கருவி. களைப்பு அதில் விழாது. அதனால் ஊர் கேட்கிறது: "மாதா சுகம் தந்திட்டா, இன்னும் ஏன் படுக்கை?" ஊர் கேட்பதைவிட, நன்றி கெட்டுப்போனேனோ என்று தனக்குள் கேட்டுக்கொள்வதுதான் கூடுதலாகச் சுடும். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை உடம்பு மீறினால் அது பாவமா?

விடை தேட, மகரகமவில் உள்ள பெட் ஸ்கானை எடுத்துக்கொள்வோம். சீனி போன்ற கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றியபின், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பேசாமல் அசையாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். வேலை செய்யும் தசை அந்தச் சீனியை இழுத்துக்கொண்டால் படம் குழம்பும். உதடசைத்து மந்திரம் சொல்வதும், செபமாலை மணியை விரலால் உருட்டுவதும் தசை வேலைதான். ஆகவே அங்கே மன்றாட்டு முழுக்க மனதுக்குள் நடக்கிறது. அதை யாரும் அரைச் செபம் என்று சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தபின் மட்டும் காலால் நடந்தால்தான் நேர்த்தி என்பது என்ன நியாயம்?

சமயங்களின் சட்டம் ஊர்வாயைவிட இரக்கமுள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1196ஆம், 1197ஆம் விதிகள் இதற்கென்றே இருக்கின்றன. தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து தகுந்த காரணத்துக்காகப் பங்குத்தந்தை விலக்குக் கொடுக்கலாம். சிறியதொன்றாக மாற்றியும் தரலாம். அதற்குச் சமமான அல்லது மேலான இன்னொன்றாக மாற்ற, பொருத்தனை வைத்தவரே போதும். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் நோயாளி நோன்பை வேறு நாட்களில் பிடிக்கலாம் என்கிறது. தீராத நோயென்றால் ஏழைக்கு உணவளித்து ஈடுசெய்யலாம் என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. சைவத்தில் விதி தேடவேண்டியதில்லை, பெரியபுராணத்துப் பூசலார் போதும். கையில் காசில்லாத அவர் திருநின்றவூரில் மனதுக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, சிவன் பூசலாரின் கோயிலுக்குப் போனார் என்கிறது புராணம். கல் சுமக்காதவரின் கோயில் செல்லுமென்றால், பாலாவித் தண்ணீரைச் சுமக்க முடியாதவரின் அபிஷேகமும் செல்லும்.

ரமண மகரிஷியை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. இடக்கையில் வந்த புற்றுக்கு 1949இல் நான்கு தடவை அறுவைச் சிகிச்சை, ரேடியம் வைத்தியம். 1950 ஏப்ரல் 14இல் மறையும்வரை தரிசனத்தை நிறுத்தவில்லை. உண்மைதான். ஆனால் அதே துணிவை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஞானியின் பொறுமையைக் காட்டி நோயாளியை வெட்கப்படுத்துவது கொடுமை.

களைத்தவரிடம் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு விவிலியத்தில் எலியாவின் கதை இருக்கிறது. இனி முடியாது, உயிரை எடுத்துக்கொள்ளும் என்று செடியொன்றின் கீழ் படுத்துவிட்ட இறைவாக்கினர் அவர். வந்த வானதூதர் விசுவாசம் பற்றி ஒரு சொல் பேசவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்தார். சாப்பிட்டவரைத் திரும்பவும் தூங்கவிட்டார். இரண்டாம் தடவையும் வந்து சாப்பிடச் சொன்னார்.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் இந்த ஆவணியில் மடுவுக்கு நடக்கவில்லையென்றால் ஏனென்று கேட்காதீர்கள்; ஒரு நேரச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள். களைத்திருப்பவர் நீங்களென்றால், நேர்த்தியைப் பற்றிப் பங்குச் சுவாமியிடம் பேசுங்கள். களைப்பைப் பற்றிக் கிளினிக்கில் பேசுங்கள்: "ஏலாமல் கிடக்கு" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் இரத்தச்சோகையா, தைரொயிட்டா, மனச்சோர்வா என்று பார்ப்பார்கள். முழுநாளும் படுத்திருப்பது இந்தக் களைப்பைக் கூட்டும். டொக்டரிடம் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்சத் தூரம் மெதுவாக நடப்பது குறைக்கும். மடுவரை வேண்டாம், சந்திவரை போதும்.